சுரங்கத்தார் தந்த ஜன்னல்

போதகர் சியாலே கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். தோங்கா தீவிலிருந்து எங்கள் பெண்டிகோ நகருக்கு வந்து, நகர நடுவிலிருக்கும் பழைய மெதடிஸ்ட் ஆலயத்தின் பொறுப்பை அவர் ஏற்ற நாள்முதல், அவரை இப்படிக் கோபத்தில் யாரும் பார்த்ததில்லை.

இல்மா ட்ரெம்பத் தன் சமையலறையில் ஆப்பிளுக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் கசாப்புக்கடை நெவில். எங்கே என்ன நடந்தாலும் திருடனைப் பிடிக்க முதலில் கிளம்புவார்; பிடிப்பதெல்லாம் தப்பான ஆளாக இருக்கும்.

"சுரங்கத்தார் ஜன்னலை உடைச்சது க்ளாரின்னு பாஸ்கோ சாட்சி சொல்றார். இன்னிக்கு சாயங்காலம் சபைக் கூட்டம். காலைச் சாப்பாட்டை நிறுத்தப் போறாங்க," என்றார் சியாலே.

ஆலய வாசலுக்கு மேலே இருக்கும் அந்த ஜன்னல் எங்கள் ஊரின் பெருமை. தங்கச் சுரங்கம் மூடிக்கிடந்த பஞ்ச காலத்தில் சபைப் பெண்கள் கூடத்தில் அடுப்பு மூட்டி ஊருக்கே கஞ்சி ஊற்றினார்கள். பிழைத்த தொழிலாளிகள் நன்றியாக வைத்துத் தந்த வண்ணக் கண்ணாடி அது. அதில் ஒரு பெண் கிழிந்த சட்டைக்காரனிடம் கிண்ணத்தை நீட்டுவாள். அதே கூடத்தில் இன்றும் தெருவில் படுப்பவர்களுக்குக் காலையில் முட்டையும் நெவிலின் சாஸேஜும் கிடைக்கின்றன. ரோலண்ட் பாஸ்கோவுக்கு அதுதான் உறுத்தல். கட்டடக் குழுத் தலைவர். கூடத்தைக் கல்யாண விருந்துகளுக்கு விட வேண்டும் என்று பேசிப் பேசி ஓய்ந்தவர். பாரம்பரியம் என்ற சொல்லை அவரைப்போல நெஞ்சில் கைவைத்துச் சொல்ல யாராலும் முடியாது. பசித்தவன் வரிசையில் நிற்பதும் அந்தப் பாரம்பரியம்தான் என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவே ஏறாது.

நடந்ததை சியாலே சொன்னார். ஆன்சாக் தினம், போரில் மாண்டவர்களை நினைக்கும் நாள். ஆலயத் தாழ்வாரத்திலேயே படுத்துக்கொள்ளும் பழைய சிப்பாய் க்ளாரி ஹாப்ஸ்தான் வருடா வருடம் ஆலயத்தின் முன் கொடியேற்றுகிறவர். விடியலில் ஏற்றினார், சாப்பிட்டார், பிறகு தாழ்வாரத்தில் தனியாகப் படுத்திருந்தார். நண்பகலில் மறுபடி கொடி வேலையை முடித்துவிட்டு, மற்ற சிப்பாய்களோடு வண்டியேறி அவர்கள் சங்கத்துக்கு விருந்துக்குப் போனார். இருட்டிய பிறகே திரும்பினார். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆலயமும் கூடமும் நாள் முழுவதும் பூட்டியிருந்தன. ஜன்னலின் மூலையில் ஓட்டை விழுந்திருந்ததை அன்று மாலைதான் பார்த்தார்கள்.

"பாஸ்கோ என்ன சொன்னார்? அவர் சொன்னபடியே சொல்லுங்க," என்றார் இல்மா.

சாப்பாடு முடிந்த கையோடு எதிர் வங்கிப் படியில் நின்றாராம். க்ளாரி கல்லை எறிந்ததைப் பார்த்தாராம். "கொடி ஜன்னலுக்கு நேரா படபடன்னு அடிச்சுது, அது விலகினப்பதான் ஓட்டை தெரிஞ்சுதுன்னார். போலீஸுக்குப் போக மாட்டாராம், அவ்வளவு பெரிய மனசு. சாப்பாட்டை நிறுத்தினா போதுமாம்," என்றார் சியாலே.

"பள்ளிக்கூடத்துப் பசங்க வேலை," என்றார் நெவில். "முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன்."

"எந்த முகம்?" என்று கேட்டபடி இல்மா கத்தியைக் கழுவி வைத்தார்.

மூவரும் ஆலயத்துக்குப் போனார்கள். க்ளாரி தாழ்வாரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இல்மா அவரிடம், அன்று விடியலில் கட்டியபடியே கொடியைக் கட்டச் சொன்னார். நெவிலை வங்கிப் படியில் ஏற்றி, என்ன தெரிகிறது என்று கேட்டார்.

"என் மூட்டு வலிதான் தெரியுது, இன்ஸ்பெக்டரம்மா. வாசக்கதவுக்கு முன்னாடி கொடி தொங்குது. ஜன்னல் நல்லாத் தெரியுது. போதுமா, இறங்கட்டுமா?"

"போதும்," என்றார் இல்மா.

மாலைக் கூட்டம் சாப்பாட்டுக் கூடத்திலேயே நடந்தது. நல்ல கோட்டுகள் எல்லாம் முன்வரிசையில். க்ளாரியைக் கதவோரம் உட்கார வைத்திருந்தார்கள். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. பாஸ்கோ சாட்சியை மறுபடி சொன்னார், படபடத்த கொடி உட்பட.

இல்மா எழுந்தார். "கொடி ஜன்னலை மறைச்சுது. நல்லாப் பார்த்தீங்களா?"

"சத்தியமா."

"காலையிலயா?"

"சாப்பாடு முடிஞ்சதுமே."

"ஆன்சாக் தினத்துல நண்பகல் வரைக்கும் கொடி அரைக்கம்பத்துல பறக்கும், அப்புறம்தான் உச்சிக்கு ஏத்துவாங்க. இங்க யாருக்கு அது தெரியாது? எங்க கம்பத்துல பாதின்னா வாசக்கதவு உயரம். நெவில் இன்னிக்குப் பார்த்தார். ஜன்னல் உயரத்துக்குக் கொடி போறது நண்பகலுக்கு அப்புறம்தான். நீங்க பார்த்த கொடி நிஜம், நேரம்தான் பொய். க்ளாரி தனியா இருந்தது காலையிலன்னு, கதையைக் காலைக்கு நகர்த்திட்டீங்க. கொடியை நகர்த்த மறந்துட்டீங்க."

இல்மா பாஸ்கோவின் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார்.

"நண்பகலுக்கு அப்புறம் க்ளாரி சங்கத்துல. ஊரே சங்கத்துல, வருஷா வருஷம் அன்னிக்கு ஆடுற நாணயம் சுண்டுற ஆட்டத்துல இருந்துச்சு. கண்ணாடி உடைஞ்சப்ப இங்க இருந்தது நீங்க, பாஸ்கோ. வேற எவனாவது எறிஞ்சிருந்தா அவனைக் காட்டியிருப்பீங்களே, க்ளாரியை எதுக்கு இழுத்தீங்க?"

பாஸ்கோ கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். "ஒரு மூலைக் கண்ணாடிதானே," என்றார். "படத்துமேல படாமத்தான்..." அதற்குமேல் அவரே நிறுத்திக்கொண்டார்.

கஞ்சிக் கிண்ணத்துக்கு நன்றி சொன்ன ஜன்னலை உடைத்து, சோற்றை நிறுத்தப் பார்த்த மனிதன். அன்றிரவே பதவி போனது. சமையல் தொடரும் என்று எல்லாக் கைகளும் உயர்ந்தன. பிறகு ஆளாளுக்குக் க்ளாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்னமே உண்மை தெரியாமல் போயிற்றே என்றார்.

க்ளாரி தொப்பியை எடுத்துக்கொண்டார். "தெரியாமப் போகலைம்மா. நண்பகல்ல கொடியை உச்சிக்கு ஏத்தினப்ப கண்ணாடி முழுசா இருந்துச்சுன்னு அன்னிக்கே சொன்னேன். உங்ககிட்டயும் சொன்னேன். குடிச்சிருக்கியான்னு கேட்டீங்க."

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு க்ளாரி வெளியே நடந்தார். சியாலே தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை வரிசை வழக்கம்போல நீண்டது. நேற்றைய கோட்டுக்காரர்கள் சிலர் ஏப்ரன் கட்டிப் பரிமாற வந்திருந்தார்கள். நெவில் ஒரு தட்டில் இரண்டு சாஸேஜ்களை மூடி வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பாத்திரங்கள் கழுவி முடிந்த பிறகும் அந்தத் தட்டை எடுக்க அவருக்குக் கை வரவில்லை. க்ளாரி வரவில்லை.