சுடாத நெற்றி

இராஜரத்தினம் அன்று யாரையும் திட்டவில்லை. சிங்கப்பூர் புக்கிட் மேரா முதியோர் இல்லத்தில் விடிந்ததிலிருந்து எல்லாரையும் வறுத்தெடுக்கும் மனிதர், தாதி உதவியாளர் சுபாங்கி மத்தியானக் கஞ்சியை நீட்டியதும் கைகூப்பி, "பெரிய உபகாரம், பிள்ளை" என்றார். அந்தக் கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

வெளியே மழை. டெட்டாலும் ஆறிப்போன சூப்பும் ஈரத் துணியும் கலந்து நாறிய அறையில், எல்லாச் சத்தத்துக்கும் அடியில் அவருடைய மூச்சு, ஓடிவந்த நாய் இளைப்பதுபோல் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. கட்டிலோரம் குழாயில் தொங்கிய சிறுநீர்ப் பையில் காலையிலிருந்து ஒரு மடக்கு, அதுவும் பால் கலக்காத தேநீர் நிறத்தில். சுபாங்கி பையைத் தூக்கிப் பார்த்தாள். பொறுப்புத் தாதி சேதுபதியிடம் போனாள்.

"செப்சிஸா இருக்குமோண்ணே? மூச்சு வாங்குது, ஆள் குழம்பிப் பேசுறார்."

"காய்ச்சல்?"

"இல்ல. முப்பத்தஞ்சரை டிகிரிதான்."

"அப்புறம் என்ன லா? செப்சிஸ்னா உடம்பு கொதிக்கும். நாலு மணிக்கு மக வருது, பவுடர் போட்டு ரெடி பண்ணு."

செப்சிஸ் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கறிபஃப் தின்றுவிட்டு வந்த பேரறிஞர் அவன். கிருமியோடு மோதப்போய் உடம்பு தன்னையே அழித்துக்கொள்ளும், வயதானவர்களுக்குச் சுடாமல் குளிர்ந்தும் போகும் என்று அன்று தலைதலையாய் அடித்துக்கொண்டு சொன்னார்கள். சுபாங்கி கேட்டிருந்தாள். கேட்டு என்ன புண்ணியம்? ஆம்புலன்ஸைக் கூப்பிட ஒரு போன் போதும். சேதுபதி முறைப்பானே என்று பவுடர் டப்பாவை எடுத்தாள். அவளும் ஒரு மனுஷி.

அந்த இல்லத்தின் வழக்கம் அது. உறவினர் வருமுன் முகத்துக்குப் பவுடர், நெற்றிக்குத் திருநீறு, மார்புவரை போர்வை. நீலம் பாய்ந்த உதட்டோரம் வெள்ளையானது. போர்வையை இழுக்கும்போது காலைப் பார்த்தாள். முழங்காலில் ஊதாத் திட்டுகள், வலை விரித்ததுபோல். விரலால் அழுத்தினாள். வெளுத்தது. பழைய நிறம் திரும்பவில்லை.

மூடிவிட்டாள்.

மகள் தனுஷிகா ஈசூனிலிருந்து நனைந்துகொண்டே வந்தாள். "அப்பா இன்னிக்கு எவ்வளவு அமைதி. நல்லா பாத்துக்கிறீங்க, தேங்க்ஸ்."

பப்பாளியை நறுக்கி அவருக்கு ஊட்ட ஆரம்பித்தாள். பேரன் பரீட்சையைப் பற்றிப் பேசினாள். சுபாங்கி காதுகொடுத்துக் கேட்டாள். மழை. மின்விசிறி. தனுஷிகாவின் குரல். வேறு சத்தமில்லை.

மூச்சுச் சத்தம் இல்லை.

சொல்ல வேண்டும். பவுடர் டப்பாவின் மூடியைத் திருகி மூடினாள்.

"ஆ காட்டுங்கப்பா." வாய் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. முதல் துண்டு நாக்கின்மேல் அப்படியே கிடந்தது. தனுஷிகா சிரித்துக்கொண்டே அதன்மேல் இரண்டாவது துண்டை வைத்தாள்.