வாளியம்மன்

ஈரோட்டுப் படக்கூடத்தின் வாசலில் செருப்புகள் குவிந்து கிடப்பதைப் பார்த்ததுமே நப்பின்னை தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே மாட்டியிருப்பது அவள் எடுத்த ஒளிப்படம். தெருக்குழாயடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்கு அவள் சூட்டிய பெயர் ‘தனிமை’. ஊர் சூட்டிய பெயர் வாளியம்மன்.

எல்லாம் தொன்மக்கண் என்ற புதுப் படக்கருவி செய்த வேலை. மலையையோ கடலையோ கண்டு மெய்சிலிர்க்கும்போது மூளையில் ஒரு மூலை விழித்துக்கொள்கிறதல்லவா, அந்த மூலையைத் தட்டி எழுப்பும் ஒளியை இந்தக் கருவி படத்துக்குள்ளேயே பதித்துவிடும். பக்கவாட்டில் ஒரு திருகு, ஒன்று முதல் ஒன்பது வரை. இரண்டில் வைத்து எடுத்த மேலாளரின் படம் அலுவலகத்தில் தொங்கினால் போதும், யாரும் தாமதமாக வருவதில்லை. கல்யாணப் படங்களுக்கு மூன்றைத் தாண்டக் கூடாதென்று அரசு சட்டமே போட்டிருந்தது. பெண்ணின் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட மாமியார்கள், பிறகு பெண்ணை நேரில் பார்த்துவிட்டுப் பெரிய தகராறு செய்ததுதான் காரணம். கலைக்கு மட்டும் விலக்கு உண்டு. கலைதானே என்று நப்பின்னை ஒன்பதில் வைத்துவிட்டாள்.

படத்தின் முன் வந்து நிற்பவர் எவரானாலும் கை குவிந்தது. அதுகூடப் பரவாயில்லை, கண்ணும் மூடிக்கொண்டது. சாமி முன்னால் முண்டியடித்துப் போய் நின்றதும் கண்ணை மூடிக்கொள்வதுதானே நம் வழக்கம்! ஊரே திரண்டு வந்தும் படத்தைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. உள்ளே இருப்பது வாளி என்பதே வாசல் பலகையில் எழுதியிருந்ததைப் படித்துத்தான் தெரியும்.

விமரிசகர் ஒருவராவது எழுதினால்தான் படங்களை நிரந்தரமாக மாட்டிவைக்கும் கூடத்தின் நிலைச்சுவரில் இடம் கிடைக்கும். இல்லையென்றால் பக்தர் குழு படத்தைக் குழாயடிக்கே தூக்கிப்போய்க் கோயில் கட்டிவிடும், கூடமும் தலையாட்டிவிட்டது. அந்தச் சுவருக்காகத்தான் அவள் பார்த்த வேலையை விட்டாள், வந்த வரன்களையும் விட்டாள்.

ஆகவே அறிவுடைநம்பியை வரவழைத்தாள். கலை விமரிசகர், கறுப்புச் சட்டைக்காரர், எந்தக் கோயில் வாசலிலும் கை கூப்பாதவர்.

“நீ கவலையே படாதே அம்மிணி. சாமியையே நேருக்கு நேர் முறைச்சுப் பாக்கிற ஆளு நான்” என்றபடி வந்தவர், வாசலில் தம் கால்கள் தாமாகவே செருப்பைக் கழற்றியதைக் கவனிக்கவில்லை.

“வாங்கய்யா, நல்ல நேரத்துல வந்தீங்க” என்றார் காவலர் சென்னியப்பன். “இப்பத்தான் தீபாராதனை முடிஞ்சுதுங்க.”

“தீபாராதனையா? யாரைக் கேட்டு?” நப்பின்னை சீறினாள்.

“நான் என்னத்தைப் பண்ணட்டுமுங்க? எங்க வீட்டுக்காரி கனவுல வந்து கேட்டாங்களாமுங்க.”

“யாரு கேட்டாங்க?”

“வாளியம்மாதானுங்க.”

அறிவுடைநம்பி படத்தின் முன் போய் நின்றார். முன்னெச்சரிக்கையாகக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கட்டு அவிழ்ந்தது; கைகள் முன்னால் வந்து சேர்ந்தன. கண்கள் மூடின.

“ஐயா, கண்ணைத் திறங்க!”

“தூசி விழுந்திருச்சு அம்மிணி.”

“ரெண்டு கண்ணுலயுமா?”

“காத்து அப்படி” என்றார். குரல் தழுதழுத்தது.

விடவில்லை மனிதர். விரலால் இமைகளைப் பிரித்துப் பிடித்தார். விழிகள் மேலே செருகிக்கொண்டன. கடைசியில் படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி வேர்வையைத் துடைத்தார்.

“சரி விடு. நீ எடுத்த படம்தானே? உள்ளே இருக்கிறதை நீ சொல்லு, நான் எழுதிப்புடறேன். வாளி இடப்பக்கமா, வலப்பக்கமா? வெளிச்சம் எங்கிருந்து விழுது?”

நப்பின்னை நினைவுபடுத்திப் பார்த்தாள். வாளி நீலம், அதைக் குழாயடியில் நேரிலேயே பார்த்தாள். ஆனால் படத்தில்? கருவியின் திரையில் படம் தெரிந்ததுமே கை குவிந்தது. அச்சாகி வந்தபோதும் குவிந்தது. அப்போதெல்லாம் ‘ஆகா, என்ன படம்!’ என்று தனக்குத்தானே சிலிர்த்துக்கொண்டாளே தவிர, பார்க்கவில்லை என்பது உறைக்கவே இல்லை.

“என்ன அம்மிணி, திருதிருன்னு முழிக்கிறே?”

“ஒரு நிமிஷம் இருங்கய்யா. இதோ பாத்துச் சொல்லிடறேன்.”

பல்லைக் கடித்துக்கொண்டு படத்தை நெருங்கி நிமிர்ந்தாள். அடுத்த கணம் இமைகள் இறங்கின, கைகள் கூடின, உள்ளமெல்லாம் ஒரே குளிர்ச்சி. சன்னிதியில் நின்றுவிட்டால் எதையாவது கேட்டாக வேண்டுமே. கேட்க அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

“தாயே,” நப்பின்னை உருகினாள், “இந்தப் படத்தை யாராவது ஒருத்தர் கண்ணைத் திறந்து பார்க்கணும்.”

“நல்லா வேண்டிக்கோ அம்மிணி” என்றார் பின்னாலிருந்து அறிவுடைநம்பி. “அவ கைவிட மாட்டா.”