ஆறாத உடம்பு

முகத்தை மூடிய துணியில் மயக்க மருந்தான ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள் நர்ஸ் சுலோசனா. அவள் இடது விரல்கள் குழந்தையின் தாடையைத் தூக்கிப் பிடித்திருந்தன. மயக்கம் ஏற ஏறத் தாடை தளர வேண்டும். செல்வியின் தாடை இறுகிக்கொண்டே போனது.

எட்டு வயது. மரத்திலிருந்து விழுந்து கை முறிந்திருந்தது. எலும்பை நேராக்கிக் கட்டச் சொல்லி, சத்தியவேட்டிலிருந்து பஸ் மாறி மாறிச் சித்தூருக்குக் கூட்டி வந்திருந்தாள் தாய் ரத்தினம்மா. காலையில் வராந்தாவில் சுலோசனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ அண்ணன் மெட்ராஸ்ல ஆபரேசனுக்குக் குடுத்த தூக்க மருந்துலயே பூட்டான், நர்சம்மா. துணியில சுத்திக் குடுத்தாங்க. மூஞ்சிகூடக் காட்டல."

சுலோசனா அதை டாக்டர் எத்திராஜிடம் சொன்னாள். "அண்ணன் கேஸ் சீட்டு இருக்கா?" என்றார். இல்லை. அந்த வருஷம்தான் சத்தியவேட்டை ஆந்திராவில் சேர்த்திருந்தார்கள். காகிதமெல்லாம் மெட்ராஸ் பக்கமே நின்றுவிட்டது. "ஈதர் ஒண்ணும் பண்ணாது, சுலோசனா." இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தாள். ஈதர் புட்டியை எடுத்தாள்.

ஈதரின் தித்திப்பு நாற்றம் தொண்டையில் படிந்தது. ஜன்னலுக்கு வெளியே மாங்காய் வண்டிக்காரர்கள் தெலுங்கில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு அடியில் குழந்தையின் மூச்சு, ஓடி வந்த நாய் இளைப்பதுபோல, வேகமாகிக்கொண்டே வந்தது.

"தாடை விட மாட்டேங்குது, சார்."

"மருந்து பத்தல. இன்னும் விடு."

விட்டாள்.

விரலுக்கு அடியில் தோல் சுட்டது. வெயில் என்று நினைத்தாள். பிறகு, காய்ச்சல் என்று. பிறகு எதுவும் நினைக்கத் தோன்றவில்லை. முறியாத கை மேசையை விட்டுத் தானாக எழும்பியது. மடங்கியது. அப்படியே நின்றது.

"துணிய எடு." டாக்டரின் குரல் மாறியிருந்தது.

சோடாக் கடையிலிருந்து ஐஸ் வந்தது. மார்பில் வைத்தார்கள். தண்ணீராய் ஓடியது. மறுபடி வைத்தார்கள். ஓடியது.

மூன்று மணிக்கு நாடி நின்றது. டாக்டர் கை கழுவப் போனார்.

சுலோசனா தொடையிடுக்கில் தெர்மாமீட்டரை வைத்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. நூற்றெட்டு. நாடி பார்த்தாள். இல்லை. மறுபடி வைத்தாள்.

நூற்றொன்பது.

கதவு திறந்தது. ரத்தினம்மா யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து மகளின் நெற்றியில் கை வைத்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"சூடாத்தான கீறா. தூங்கிக்கினு கீறா, இல்ல நர்சம்மா?"

முந்தானையால் விசிறினாள். மற்றொரு கையால், மடங்கி நின்ற அந்தச் சின்னக் கையை மெல்லக் கீழே இறக்கப் பார்த்தாள்.

அது இறங்கவில்லை.