மாயமான ஒரு குவளைத் தண்ணீர்

மருந்துக்கடைக்காரர் உள்ளே வந்து, நாற்காலி காட்டியும் உட்காராமல், கையிலிருந்த செல்போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"நீங்களே பாருங்க. இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்ல."

வக்கீலம்மா போனை எடுப்பதற்குள் அவருடைய கணவர் எடுத்துவிட்டார். வக்கீல் தொழிலை விட்டுவிட்டுத் துப்பறியும் வேலையில் இறங்கிய மனைவிக்கு, தானாகவே வந்து சேர்ந்த உதவியாளர் அவர். அச்சகத்தில் பிழை திருத்தியே காலம் தள்ளியவர். கடைப் பலகையில் ஓர் எழுத்து பிசகினாலும் நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். தெருவே அவரைக் கமா சார் என்றுதான் கூப்பிட்டது.

வீடியோவில் ஒரு நினைவுக் கூட்டம். மேடையில் மருந்துக்கடைக்காரரின் அண்ணன், இறந்துபோன தந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "அப்பா கடைசி மூச்சு விட்டப்போ..." என்றபோது படம் கூட்டத்துக்கு மாறியது. முன்வரிசையில் ஒரு பெண், கையால் வாயைப் பொத்தியும் அடங்காமல், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் மனைவி," என்றார் மருந்துக்கடைக்காரர், தரையைப் பார்த்தபடி. "சொந்தக்காரங்க எல்லாருக்கும் இது போயிடுச்சு. மாமனார் சாவுல சிரிச்சவள்னு அவளுக்குப் பேராயிடுச்சு. நான் அப்படிச் சிரிக்கவே இல்லைன்னு தலையில அடிச்சுக்கிட்டா. கண்ணு முன்னாடி இருக்கேன்னு நானும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அம்மா வீட்டுக்குப் போயிட்டா. இப்ப யோசிச்சா, அவ பொய் சொல்றவ இல்ல."

"சிரிக்கவே இல்லைங்கறாங்களா? இல்ல, அந்த இடத்துல சிரிக்கலைங்கறாங்களா?" வக்கீலம்மா கேட்டார்.

"நடுவுல கரண்ட் போச்சு. மைக் இல்லாமலேயே அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர் பேசினார். அப்பா தப்பான பஸ்ஸுல ஏறிட்டு, டிரைவர்தான் வழி மாறிட்டார்னு சண்டை போட்ட கதை. மண்டபமே சிரிச்சுது. அப்ப சிரிச்சதுதான்கறா."

கமா சாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்ப சத்தம் நகர்ந்திருக்கு! படத்தை கேமரா எடுக்குது, சத்தத்தை மண்டபத்து மைக் பெட்டி தனியா பதிவு பண்ணுது. ரெண்டையும் ஒட்டும்போது எடிட்டர் கோட்டை விட்டுட்டார். இல்ல, வேணும்னே பண்ணியிருக்கார். அவருக்கும் உங்க வீட்டுக்காரம்மாவுக்கும் ஏதாவது தகராறு உண்டா?"

"வீடியோ எடுத்தவரும் அவர்தான். முகத்துல லைட் அடிக்கிறார்னு மண்டபத்துல அவரைச் சத்தம் போட்டா. ஆனா அவர் பாவம், சொன்னதைச் செய்யறவர். அவரை விட்டுடுங்க," என்றார் மருந்துக்கடைக்காரர் அவசரமாக.

வக்கீலம்மா ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தார். "எல்லாருக்கும் அனுப்பறதுக்கு முன்னாடி இதை யார் பார்த்தாங்க?"

"முழுசா யாரும் பார்க்கல. நான்தான் வாங்கிட்டு வந்து அனுப்பினேன்."

அவர் போனபின் வக்கீலம்மாவும் கமா சாரும் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். அண்ணன் பேச்சைத் தொடங்கும்போது மைக்கை விரலால் தட்டுகிறார். விரல் படுவதும் 'டொக்' என்று கேட்பதும் ஒன்றாகவே இருந்தன. பேச்சு முடிந்து மைக்கை மேசையில் வைக்கும் சத்தமும் கை இறங்கும்போதே கேட்டது.

"சத்தம் நகரலைங்க," என்றார் வக்கீலம்மா. "ரெண்டு இயந்திரமும் ஒரே வேகத்துல ஓடலைன்னா, போகப்போக இடைவெளி கூடிக்கிட்டே போகும். தொடக்கத்துல சரியா இருந்தது முடிவுல காலை வாரிவிடும். இங்க ரெண்டு முனையும் ஒட்டியே இருக்கு."

"அப்ப எடிட்டரோட கைவரிசைதான்!"

"இருங்க. கூட்டத்தைக் காட்டறப்போ மேலே பாருங்க, மின்விசிறி சுத்தல. எல்லாரும் காகிதத்தால விசிறிக்கறாங்க. மேடையைக் காட்டறப்போ மேசைத்துணி காத்துல படபடக்குது. அப்போ கூட்டத்தோட படம் கரண்ட் போன நேரத்துல எடுத்தது. இப்ப அந்தக் குவளையைப் பாருங்க."

மேடை மேசையில் ஒரு கண்ணாடிக் குவளை இருந்தது. கூட்டம் தெரிவதற்கு முன்பு அது தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது. சிரிப்பு முடிந்து மறுபடி மேடை தெரிந்தபோது காலி. ஆனால் அண்ணனின் குரல் இடையில் ஒரு மடக்கு விழுங்கும் அளவுக்குக்கூட நிற்கவில்லை. "அப்பா கடைசி மூச்சு விட்டப்போ... அவர் முகத்துல ஒரு அமைதி இருந்துச்சு" என்று ஒரே வாக்கியமாக ஓடியது.

எத்தனை எழுத்துப்பிழை பிடித்த கண் இது, இதைத் தவறவிட்டதே என்று கமா சார் தன்னையே நொந்துகொண்டார். அந்த நோவை எடிட்டர்மேல் கோபமாக மாற்றிக்கொண்டுதான் மறுநாள் காலை கிளம்பினார்.

எடிட்டரின் அறை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இரண்டு திரைகள், சுவரெல்லாம் எதிரொலி தடுக்க ஒட்டிய பஞ்சுத் தகடு, மூலையில் சுருட்டிப் போட்ட ஒயர்கள். வக்கீலம்மா சொன்னபடி மருந்துக்கடைக்காரரும் வந்திருந்தார். தாய் வீட்டிலிருந்து வந்த அவருடைய மனைவி, அவர் பக்கம் திரும்பாமல் கதவருகே நின்றாள்.

கமா சார் யாரையும் பேசவிடவில்லை. "தம்பி, ஒரு பொம்பள உன்னைச் சத்தம் போட்டாங்கன்னு அவங்க மானத்தை வாங்கலாமா? இது ஒரு பொழப்பா?" என்று ஆரம்பித்து மூச்சு வாங்கும்வரை வெளுத்து வாங்கினார்.

எடிட்டர் காதுமடல் சிவக்க விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதுங்க," என்றார் வக்கீலம்மா. எடிட்டரிடம் திரும்பினார். "அண்ணன் பேச்சுல ஒரு துண்டை நீங்க வெட்டியிருக்கீங்க, படத்தையும் சத்தத்தையும் சேர்த்தே. அதனாலதான் அப்புறம் வர்றதெல்லாம் பிசகாம ஒட்டுது. ஆனா வெட்டின இடத்துல படம் தூக்கிப்போடும். அவர் தலை ஒரு பக்கம் இருந்தது திடீர்னு இன்னொரு பக்கம் போயிடும். அதை மறைக்க மேல ஒட்ட ஒரு படம் வேணும். கரண்ட் இல்லாதப்போ மைக் பெட்டி ஓடல, தெளிவான சத்தம் இல்ல, அதனால அந்தச் சிநேகிதர் பேச்சை நீங்க சேர்க்கல. பேட்டரியில ஓடின கேமராப் படம் மட்டும் சும்மா கிடந்துச்சு. கைக்கு வந்ததை எடுத்து ஒட்டிட்டீங்க. சரியா?"

"அவசரத்துல ஒட்டினேன்மா," என்றார் எடிட்டர் மெல்ல. "சின்னத் திரையில அந்தம்மா அழறாங்கன்னு நினைச்சேன். வாயைப் பொத்திக்கிட்டு, தோள் குலுங்கி... சத்தியமா அழறாங்கன்னுதான் நினைச்சேன்."

கமா சார் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"வெட்டச் சொன்னது யார்?"

எடிட்டர் மூலையில் கிடந்த ஒயர்களைப் பார்த்தார்.

"நீங்க சொல்ல வேண்டாம். கேமராவுலயும் ஒரு மைக் இருக்குமே, வெட்டாத அந்தத் துண்டைப் போடுங்க."

கரகரப்போடு அண்ணனின் குரல் அறையை நிறைத்தது. "அப்பா கடைசி மூச்சு விட்டப்போ நான் ஊர்ல இல்ல. தம்பி பக்கத்துத் தெருவுலதான் இருந்தான். கூப்பிட்டும் வரல, கடைக்குள்ளயே உட்கார்ந்திருந்தான். அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது அவன் பொண்டாட்டி ஒருத்திதான்." பேச்சு நின்றது. குவளையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். "அவர் முகத்துல ஒரு அமைதி இருந்துச்சு."

எடிட்டர் படத்தை நிறுத்தினார்.

"'சொன்னதைச் செய்யறவர்'னு நேத்து நீங்க சொன்னீங்க," என்றார் வக்கீலம்மா, குரலை உயர்த்தாமல். "எல்லார்மேலயும் சந்தேகப்பட வேண்டியவர், எடிட்டரை மட்டும் விட்டுடச் சொன்னீங்க. அப்பவே, இவர்கிட்ட யார் எதைச் சொல்லியிருப்பாங்கன்னு யோசிச்சேன்."

மருந்துக்கடைக்காரர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். "அந்த ஒரு வரியை எடுத்துடுங்கன்னுதான் கேட்டேன். மண்டபத்துல இருந்தவங்க மறந்துடுவாங்க, வெளியூர்ல இருக்கவங்களுக்குத் தெரிய வேண்டாம்னு நினைச்சேன். அதுக்கு மேல இதை ஒட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. வெட்டினதுக்கும் இவ சிரிப்புக்கும் முடிச்சுப் போடவே எனக்குத் தோணல."

"ஏன் வரல?" முதல் தடவையாக அவருடைய மனைவி பேசினாள். "அன்னிக்குக் கேட்கல, இப்ப கேட்கறேன்."

"பயம். ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கறவன், அப்பா சாகறதைப் பார்க்க பயந்துட்டேன். ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உள்ள உட்கார்ந்திருந்தேன். போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

"அதை நான் யார்கிட்டயும் சொல்லிக்காட்டல," என்றாள் அவள். "உங்களைக் காப்பாத்தத்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். என்னைத் திட்டினப்போகூட உங்களுக்கு அது நினைப்பு வரலையே." அழவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறினாள். படியோரம் அவள் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

கமா சார் எடிட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றார். "தம்பி, நான் பேசினது தப்பு," என்றார். அதற்கு மேல் வரவில்லை. எடிட்டர், "பரவாயில்ல சார்," என்றது இன்னும் உறுத்தியது.

மருந்துக்கடைக்காரர் மனைவியைத் தொடர்ந்து போகவில்லை. எடிட்டரிடம், "அந்த வரியைத் திரும்பச் சேர்த்துடுங்க," என்றார். "சிரிப்பை எடுத்துடுங்க. யார் யாருக்கு அனுப்பினேனோ அத்தனை பேருக்கும் நானே அனுப்பறேன். வெட்டினது நான்தான்னு எழுதி அனுப்பறேன்."

எடிட்டர் வேலையைத் தொடங்கினார். மைக் பெட்டியின் தெளிவான குரலை எடுத்து, அண்ணனின் உதட்டசைவோடு பொருத்த வேண்டியிருந்தது. கொஞ்சம் நகர்த்துவார், ஓட்டுவார், நிறுத்துவார், மறுபடி ஓட்டுவார். 'கூப்பிட்டும் வரல, கடைக்குள்ளயே உட்கார்ந்திருந்தான்.' ஒவ்வொரு முறையும் மருந்துக்கடைக்காரரின் தோள் ஒடுங்கியது. கமா சார் கேட்கமுடியாமல் வாசலைப் பார்த்தார். வக்கீலம்மா அவர் கையைத் தொட்டு, போகலாம் என்று ஜாடை காட்டினார்.

கதவைச் சாத்தும்போது எடிட்டர் கேட்பது காதில் விழுந்தது. "இப்ப சரியா இருக்கா சார்? போதுமா?"

"இல்ல," என்றது மருந்துக்கடைக்காரரின் குரல். "உதடு கொஞ்சம் முந்துது. இன்னொரு தடவை போடுங்க."