ரித்திக்கிடம் சொல்லாத ஸாரி

“நீங்கதானே மதுராவோட அம்மா?”

சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில், ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருந்த பாலர்பள்ளி வாசலில், சாரலுக்கு ஒதுங்கி நின்ற பிரசாந்தி திரும்பினாள். எதிரே ஓர் இளைஞன். நனைந்த சட்டை... தூங்காத கண்கள்... அந்தக் கண்களில் அப்படி ஒரு கோபம்!

“நேத்து உங்க பொண்ணு பர்த்டேக்கு கிளாஸ்ல எல்லாருக்கும் கிஃப்ட் பேக் குடுத்தீங்க. ரித்திக்குக்கு மட்டும் இல்ல. மறந்துட்டீங்களா?”

“மறக்கல. டெய்லி என் பொண்ணைத் தள்ளி விடுறான், காதுகிட்ட வந்து கத்துறான், அவ வரையறதைக் கிழிக்கிறான். ஸ்கூல்னாலே வயித்து வலிங்கிறா. முதல்ல உங்க பையனைக் கண்டிச்சு வளருங்க!”

“என் பையன் இல்ல. அக்கா பையன்.” அவன் குரல் இறங்கியது. “அக்கா இந்த வருஷம்தான் தவறிட்டாங்க. அவன் அப்பா கோயம்புத்தூர்ல. அம்மா போனப்புறம்தான் அவன் இப்படி...”

பிரசாந்திக்குச் சுருக்கென்றது. ஸாரி சொல்ல நினைத்தாள். வாய் வந்தால்தானே! கணவன் விட்டுப்போன நாளிலிருந்து யாரிடமும் இறங்கிப் போவதில்லை என்று ஒரு வீம்பு. மகளை இழுத்துக்கொண்டு மழையிலேயே நடந்துவிட்டாள். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

சனிக்கிழமை, ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடை. மதுரா திடீரென்று மேசைக்கு அடியில் ஒளிந்தாள். அடுத்த மேசையில் ரித்திக்... கூடவே அந்த மாமன், சுஜீந்திரன்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். வந்து மதுராவின் முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

“அவன் கத்தினா பயப்படாத. கையை இப்படி நீட்டி, ‘ஸ்டாப், எனக்குப் பிடிக்கல’ன்னு சத்தமா சொல்லு. சொல்லிட்டு டீச்சர்கிட்ட போயிடு. அவனைச் சரிபண்றது உன் வேலை இல்ல லா... என் வேலை.”

மதுரா மெல்லக் கையை நீட்டினாள். “ஸ்டாப்!”

ஓடி வந்த ரித்திக் அப்படியே நின்றுவிட்டான். பிரசாந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எனக்கும் சொல்லிக் குடுங்களேன்.”

“உங்களுக்கு எதுக்கு? நீங்க பாத்தாலே நான் நின்னுடறேன்...”

அதன்பின் தினமும் பள்ளி வாசலில் அந்தக் கண்களைத் தேடினாள். ரித்திக் இன்னும் சில நாள் பொம்மைகளை வீசினான்தான். ஆனால் மதுரா கையை நீட்டினாள், டீச்சரிடம் போனாள், அவன் அடங்கியதும் அவனோடு விளையாடவும் போனாள். வயிற்று வலி நின்றது. ஸாரியை மட்டும் பிரசாந்தி நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள்.

ஒருநாள் ரித்திக் வரவில்லை. அவன் அப்பா அவனைக் கோயம்புத்தூருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று டீச்சர் சொன்னாள்.

மறுநாளும் மழை. பள்ளி விடும் நேரத்தில் சுஜீந்திரன் வாசலில் நின்றான்.

“யாரைக் கூட்டிட்டுப் போக வந்தீங்க?”

“யாரையும் இல்ல. சாங்கி ஏர்போர்ட்ல ஷிஃப்ட் முடிஞ்சு பஸ் ஏறினேன்... கால் இங்கதான் வருது. அவன் கத்தாத வீட்டுல இருக்க முடியல.”

அவள் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். “அந்தப் புள்ளகிட்ட ஒரு ஸாரிகூட சொல்லல நான். எல்லாம் வீம்பு... உங்ககிட்டயும் சொல்லாம விட்டா, நீங்களும் போயிடுவீங்க.”

“என்ன சொல்லாம?”

“உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு.”

அவன் கண்களைத் துடைத்துக்கொண்டான். “எனக்கும்தான்... அன்னிக்கு உங்களைத் திட்ட வந்தேனே, அப்பவே.”

கதவு திறந்தது. மதுரா ஓடி வந்து, சுஜீந்திரனின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“மாமா, ரித்திக் எங்க?”

சுஜீந்திரன் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான். பிரசாந்தி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.