மூன்றாம் திரை

காலை எட்டு மணிக்கெல்லாம் எதிர்க்கடையில் வரிசை நின்றுவிடும். நொடிநிறுவல் நிலையம். ஒன்பதே நிமிடத்தில், காதில் மாட்டும் செவிப்பலகைக்கு லினக்ஸ் ஏற்றித் தருவார்கள். ராக்கெட் இரைச்சலில் தூத்துக்குடியில் பாதிப் பேருக்குக் காது போய்விட்டது. உள்ளே போய், திரை கேட்கிற கேள்விக்கெல்லாம் 'சரி, சரி' என்று தட்டிவிட்டுக் காதோடு வெளியே வருகிறார்கள். என்ன கேள்வி என்று ஒருத்தராவது படிக்க வேண்டுமே! நோகாமல் நுங்கு தின்கிற கூட்டம்.

நான் அதே லினக்ஸை மூலநிரலிலிருந்து வரிவரியாகக் கட்டுகிறவள். இன்ன காதுக்கு இன்ன உறுப்பு என்று பார்த்துப் பார்த்துக் கருநிரலைத் தொகுக்கப் பன்னிரண்டு நாளாகும். அதனால் என் கடையில் ஈ ஓட்டுகிறேன். ஓட்டினால் என்ன, ஈக்காவது எதிர்க்கடைக்காரனைவிடப் புத்தி உண்டு.

திங்கட்கிழமை லூர்துசேவியர் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்தவர், சுத்தமாகக் காது கேட்காது. அவர் பேசினார், நான் சிலேட்டில் எழுதிக் காட்டினேன்.

"யம்மா, வெள்ளிக்கெழமைக்குள்ள எனக்குக் காது வேணும். எம்மவ பிரின்சி சனிக்கோளுக்குப் போற விண்கப்பல்ல போறா. வெள்ளிக்கெழமை ஒரு தடவை பேச விடுவாங்களாம். பெறவு நாப்பது வருசம் தூக்கம். அதுக்குள்ள நான் எங்க இருக்கப் போறேன்?"

'பன்னிரண்டு நாள் ஆகும்' என்று எழுதினேன்.

"போகாதன்னு அவளக் கைநீட்டி அடிச்சுட்டேன். அன்னையிலேர்ந்து பேச்சில்ல. சின்னப் புள்ளையிலேர்ந்து என்னை 'கெழவா'ன்னுதான் கூப்பிடுவா. வெள்ளிக்கெழமையும் அப்படிக் கூப்பிட்டான்னா மன்னிச்சுட்டான்னு அர்த்தம். அது போதும் எனக்கு. எதுத்த கடையில போட்டா ஒண்ணும் கெட்டுப்போகாதே?"

'அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. போய்ச் சரி சரி என்று தட்டுங்கள்' என்று எழுதிக் காட்டினேன். முகம் சுண்டிப்போய் எழுந்து போனார். எனக்கு நிறைவாகத்தான் இருந்தது.

நான் எழுதாத வரி ஒன்று உண்டு. நொடிநிறுவலின் மூன்றாம் திரையில் 'மொழி வழக்கு: பொது' என்று வரும். அதற்கும் சரி என்று தட்டினால், யார் எப்படிப் பேசினாலும் காதுக்குள் கட்டுரைத் தமிழாகத்தான் விழும். குரல் அதே குரல், சொல் மட்டும் இஸ்திரி போட்டது. 'பொது'வை 'உள்ளபடி' என்று மாற்ற ஒரு விரல் போதும், பன்னிரண்டு நாள் வேண்டியதில்லை. எதிர்க்கடைக்காரனுக்கே இது தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் இந்த மடையர்களுக்கு நான் எதற்குச் சொல்லித்தர வேண்டும்?

வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு மறுபடி வந்தார். காலையில் செவிப்பலகை போட்டுக்கொண்டு, நேரே மகளோடு பேசும் அறைக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்.

"காது நல்லாக் கேக்குது" என்றார். "ஆனா அவ மன்னிக்கல. எடுத்த எடுப்புல 'பெரியவரே, நலமாக இருக்கிறீர்களா?'ன்னா. தெருவுல போற எவனையோ கேக்குற மாதிரி! நானும் 'நல்லா இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க'ன்னு சொல்லி வச்சுட்டேன். பெத்த புள்ளைய வாங்க போங்கன்னுட்டேன் யம்மா."

"உக்காருங்க அண்ணாச்சி" என்றேன்.

அவர் உட்காரவில்லை. என் வாயையே பார்த்தார்.

"நீங்க என்ன, 'அமருங்கள் ஐயா'ங்கீங்க? அன்னைக்கு என்னைய விரட்டி விட்டவங்கதான நீங்க?"

அவர் விரல் காதிலிருந்த செவிப்பலகையைத் தொட்டுப் பார்த்தது.

"எங்க, என்னைய கெழவான்னு கூப்பிடுங்க."

"அண்ணாச்சி, வேண்டாம்..."

"கூப்பிடுங்கங்கேன்!"

"கெழவா" என்றேன்.

"பெரியவரே" என்று அவர் உதடு முணுமுணுத்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணிக்கே அவளத் தூங்கப் போட்டுருப்பாங்க" என்றார்.

எதிரே வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. எவனோ உள்ளே சரி, சரி என்று தட்டிக்கொண்டிருப்பான். வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்துக் கட்டத் தெரிந்தவளாம் நான். தூ!

"இது இப்படி ஆகும்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்" என்றேன்.

அவர் காதில் அதுவும் எவ்வளவு பணிவாக விழுந்ததோ.