சூசையம்மாள் போட்ட பூட்டு

பூட்டு சூடாக இருந்தது.

தை மாதம் கொடைக்கானலில் உச்சிவெயில் சாய்ந்துவிட்டால் எந்த இரும்பைத் தொட்டாலும் விரல் மரத்துப்போகும். சூசையம்மாள் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துச் சாவியை எடுத்து, இடது கையால் பூட்டைத் தூக்கிப் பிடித்தவள், சட்டென்று விட்டுவிட்டாள். சுடவில்லைதான். வெதுவெதுவென்று இருந்தது. யாரோ இத்தனை நேரமும் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்து, இவள் காலடி கேட்டதும் கையை எடுத்துக்கொண்ட மாதிரி.

திரும்பிப் பார்த்தாள். கடைத்தெருவிலிருந்து சரிவில் இறங்கும் ஒற்றையடிப் பாதை மேகத்துக்குள் முழுகிக் கிடந்தது. தைல மரங்களில் கட்டிய பனிநீர் இலைவிட்டு இலை இறங்கித் தகரக் கூரையில் சொட்டும் சத்தமும், எங்கோ மேலே லாரி ஒன்று கியர் மாற்றி முனகும் சத்தமும் கேட்டன. லாரியும் அடங்கியபின் தன் மூச்சே பெரிதாகக் கேட்டது. ஈரச் சாக்கும் மலைப்பூண்டும் கலந்த நெடி வழக்கம்போல அடித்தது. பூண்டு வியாபாரி இப்ராம்சாவின் சரக்குக் கிட்டங்கியும் குடியிருப்பும் ஒரே கட்டடம். அந்த நெடி அங்கே இல்லாமல் இராது. ஆனால் அதற்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. கொஞ்சம் இனிப்பாக.

கூரையிடுக்கில் எந்நேரமும் கசியும் அடுப்புப் புகையைக் காணோம்.

“வந்துட்டீங்களா அக்கா?”

கதவின் அடியிலிருந்து வந்தது குரல். தரையில் உட்கார்ந்து, கதவோடு வாயை வைத்துப் பேசுகிற குரல்.

சூசையம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். மாதாவே, இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள்.

“வந்துட்டேன் தாயி, வந்துட்டேன். இந்தா, தெறக்கேன்.”

“என்ன அவசரம்? உக்காருங்க. நடந்தே வந்திருப்பீங்க.”

இந்த வாயா இப்படிப் பேசுகிறது? போனமுறை இதே கதவுக்குப் பின்னாலிருந்து கத்திய வாயும், பலகை அதிர அறைந்த கையும் அல்லவா!

இதெல்லாம் நடந்தது எழுபதாம் வருஷம். பெரியம்மை கீழேயிருந்து மலையேறிவிட்டது என்று சர்க்கார் ஒரே கெடுபிடி. காட் ரோட்டை மறித்துவிட்டார்கள். பழனிச் சந்தைக்குப் போன இப்ராம்சா அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் அவர் மனைவி பதுருன்னிசாவும், இடுப்பில் தூக்கும் வயதில் ஜாஹிதாவும். குழந்தைக்குத்தான் அம்மை. பொருக்கு உதிர்கிறவரை யாரும் வெளியே வரக்கூடாது, வாசலில் ஒரு ஆள் காவலுக்கு இருக்க வேண்டும் என்பது உத்தரவு. ஆம்பளை ஊரில் இல்லாத, பர்தாப் பழக்கமுள்ள கோஷா வீட்டு வாசலில் ஆம்பளைக் காவலை உட்கார வைத்தால் பேச்சாகும் என்று, ஹெல்த் இன்ஸ்பெக்டர் பரமானந்தம் தேடிப் பிடித்த ஆள் சூசையம்மாள். மிஷன் பள்ளி ஹாஸ்டலில் ஆயா. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் சும்மா இருந்தாள்.

அதே கோஷாவுக்காகப் பரமானந்தமும் வீட்டுப் பக்கம் இறங்குவதில்லை. மேலே வளைவில் நின்று, “ஏம்மா, உள்ள எல்லாம் சொகமா?” என்று கத்துவார். இவள் இங்கிருந்தே, “எல்லாம் சொகம்ங்க சார்!” என்பாள். அதோடு சரி, அவர் போய்விடுவார்.

உத்தரவில் பூட்டு இல்லை. பூட்டு இவளுடையது.

ஒருநாள் பதுருன்னிசா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

“தொண்டைக்குள்ள புண்ணுக்கா. தண்ணி எறங்கல. ஆஸ்பத்திரில காட்டிட்டு ஓடியாந்துர்றேன். நீங்களும் ஒரு பொம்பளதானக்கா?”

“ஆர்டர் இருக்கு தாயி. நான் என்ன செய்யட்டும்?”

கையைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டாள். யாரோ பார்த்து, சேதி போய், பரமானந்தம் வளைவில் நின்று கத்தினார். “ஒரு பொம்பளைய உள்ள உக்கார வைக்க ஒன்னால முடியலைன்னா எதுக்கும்மா ஒனக்கு இந்தச் சோலி?” கடைத்தெருவே கேட்டது. அன்று சாயங்காலம் தன் வீட்டுப் பூட்டைக் கொண்டுவந்து வெளியே தொங்கவிட்டாள். ராத்திரிக் காவலுக்கு வருவதாகச் சொன்ன ஆள் வரவேயில்லை. பூட்டு இருந்தால் தானும் வீட்டுக்குப் போய்க் கம்பளியைப் போர்த்திப் படுக்கலாம். காலையில் வந்து திறந்து, பாலும் தண்ணீரும் வைத்துவிட்டு, மறுபடி பூட்டினால் தீர்ந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படியான காரியம் இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

“குளிருதாக்கா?”

“இல்ல தாயி.”

“கதவுல சாஞ்சுக்கங்க. இந்தப் பக்கம் நானும் சாஞ்சுதான் இருக்கேன்.”

படியில் உட்கார்ந்து கதவில் முதுகைச் சாய்த்தாள். பலகை குளிரவில்லை. அதுவும் வெதுவெதுவென்று.

“பால் வாங்கிட்டு வெரசா வாரேன்னு சொல்லிட்டுப் போனேன்ல... கடையெல்லாம் அடைச்சுக் கெடந்துச்சு பதுரு. கெடுபிடி. ரோட்டுல ஆள் நடமாட விடல. அதான்...”

பொய் தொண்டையில் உமியாய் ஒட்டியது.

“அது கெடக்கட்டும்க்கா. சப்பரம் நல்லா வந்துச்சா?”

சூசையம்மாள் தலையை மட்டும் திருப்பிக் கதவைப் பார்த்தாள்.

சப்பரத்துக்குப் போவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வில்பட்டிக்கு அந்தப் பக்கம் செபஸ்தியார் குருசடி, சிலுவை நட்ட சின்னக் கோயில். கொள்ளைநோய்க்கு அவர்தான் என்று காலங்காலமாக நேர்ந்துகொள்வார்கள். இந்த வருஷம் கூட்டம் கூடாது, சப்பரம் தூக்கக் கூடாது என்று தமுக்கடித்துச் சொல்லியிருந்தார்கள். அம்மை வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற தன்மேல் அது ஏறிவிடக் கூடாதென்று இவளும் நேர்ந்திருந்தாள். வெள்ளனே போய்த் திரும்பிவிடலாம் என்று, விடியுமுன், பால் வாங்கி வருவதாக வெளியே நின்றே சொல்லிவிட்டு, பூட்டைத் திறக்காமலே போனாள். சப்பரத்தைத் தோளில் ஏற்றி நாலடி நகர்த்தவில்லை, போலீஸ் லாரி வந்துவிட்டது. கும்பிட வந்தவர்கள் அத்தனை பேரையும் ஒரு காலிக் கட்டடத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். காய்ச்சல் இல்லை என்று தெரிகிறவரை வெளியே விட மாட்டார்களாம்.

அங்கே எல்லோரையும்விடக் கூடுதலாகச் சத்தம் போட்டவள் சூசையம்மாள்தான்.

“எங்கள அடைச்சு வைக்க நீ யாருய்யா? ஆடா மாடா நாங்க?”

“கத்தாதம்மா, ஆர்டரு,” என்றார் காவலுக்கு இருந்த ஏட்டு திருமலைச்சாமி.

“ஆர்டராம் ஆர்டரு! சாமி கும்பிடப் போனோமா, சாராயம் குடிக்கப் போனோமா? கதவைப் பூட்ட ஒனக்கு எப்படிய்யா மனசு வந்துச்சு?”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஏட்டும் சிரித்துவிட்டார். நல்ல மனுஷன். பிறகு ஜன்னலோரம் வந்து கேட்டார்.

“வீட்டுல ஒன்னைய நம்பி யாரும் இருக்காங்களாம்மா? சொல்லு, ஆளனுப்பிச் சொல்லச் சொல்றேன்.”

சுருக்குப்பைக்குள் சாவி இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. சொன்னால், எதுக்குப் பூட்டினே என்பார். யாரைக் கேட்டுப் பூட்டினே என்பார். இவ்வளவு நேரம் கதவைப் பற்றிக் கத்திய வாய்.

“யாரும் இல்லய்யா.”

மறுநாளும் கேட்டார். அதற்கு அடுத்த நாளும். ஒவ்வொரு நாளும் சொல்லாமல் விட்டது மறுநாள் சொல்வதை இன்னும் முடியாததாக ஆக்கியது. பத்து நாள் கழித்து, இன்று காலையில்தான் விட்டார்கள்.

“சப்பரத்தைப் பத்தி ஒனக்கு யாரு சொன்னா பதுரு?”

“நீங்க போட்ட சத்தம் இங்கன வரைக்கும் கேட்டுச்சே. ஆடா மாடான்னு.” உள்ளே சிரிப்பு. காய்ந்த பூண்டுத் தோலைக் கசக்குகிற மாதிரி ஒரு சிரிப்பு. “நல்லாத்தான் கேட்டீங்க.”

முதுகை எடுக்க நினைத்தாள். எடுக்க முடியவில்லை. கதகதப்பாக இருந்தது.

“புள்ள?”

“மடியிலதான்.”

“அழுக சத்தமே இல்லையே தாயி?”

“இப்பல்லாம் அழுகுறதில்லக்கா. தண்ணி கேக்குறதுமில்ல. ரொம்ப சமத்து.”

தகரத்தில் சொட்டுச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. மேகம் படிவரை வந்துவிட்டது. இனிப்பு வாசனை நாக்கிலேயே பட்டது.

“தெறக்கேன் பதுரு. ஒன் மொகத்தைப் பாத்துக்கிறேன்.”

“வேணாம்க்கா. ஆர்டர் இருக்குல்ல. நீங்கதான் என்ன செய்வீங்க?”

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. அன்பாகத்தான் சொன்னது. வேணாம் என்ற சொல் கேட்டதும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அப்பாடா என்று உட்கார்ந்தது. அது உட்கார்ந்ததைச் சூசையம்மாள் கவனித்தாள். தன் முகத்தைத் தானே பார்க்கக் கூசியவள் போலச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

“ஏம்மா, சூசையம்மா!”

மேலே வளைவில் பரமானந்தம். ஆள் தெரியவில்லை. கறுப்புக் குடை மட்டும் மேகத்தில் மிதந்தது.

“உள்ள எல்லாம் சொகமா?”

இதோ, சொல்லிவிடலாம். சார், இறங்கி வாங்க, கோஷாவும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஓடி வாங்க என்று கத்திவிடலாம். வாயைத் திறந்தாள். வெளியே பூட்டு தொங்குகிறதே. இறங்கி வந்தால் முதலில் அதைத்தானே பார்ப்பார். கடைத்தெரு பார்க்கும். ஹாஸ்டல் மதர் பார்ப்பார். திறந்த வாய் திறந்தபடி நின்றது.

“எல்லாம் சொகம்ங்க சார்!”

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

சூசையம்மாளின் குரல். அதே இழுப்பு. அதே கடைசி ‘சார்’. அவள் உதடு அசையவில்லை.

“இன்னைக்குத் தொண்டை தேவலையே!” குடை ஆடியது. “நேத்தும் முந்தாநேத்தும் கூப்பிட்டப்ப, குரலு கம்மிப் போயில்ல கெடந்துச்சு. பனியில உக்காராதன்னா கேக்குறியா?”

நேற்று அவள் இங்கே இல்லை. முந்தாநேற்றும் இல்லை.

“சரி, ஆர்டர் இன்னையோட முடிஞ்சுபோச்சு. ரோடு தெறந்தாச்சு. பாய் பழனி பஸ்சுல ஏறிட்டாராம், இப்ப வந்துருவாரு. நீ கெளம்பும்மா. நல்லபடியாப் பாத்துக்கிட்டே. நான் மேல எழுதி விடுறேன், ஒனக்கு நல்ல பேரு.”

குடை திரும்பியது. மேகம் மூடியது.

இப்ராம்சா வருகிறார். இந்தப் பாதையில்தான் இறங்குவார். கையில் மகளுக்கு ஏதாவது வாங்கியிருப்பார். வந்து கதவைப் பார்ப்பார்.

பூட்டைக் கழற்ற வேண்டும். கழற்றிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு போய்விட வேண்டும். பூட்டே இல்லை. பூட்டு எப்போதும் இருந்ததில்லை. ஆர்டர்தான். ஆர்டர் மட்டும்தான்.

அந்த நேரத்திலும் அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான்.

எழுந்தாள். சாவி துவாரத்தில் நிற்கவில்லை. ஒருமுறை. இன்னொருமுறை. திரும்பியது. பூட்டு வாய் பிளந்தது. இப்போது அது பனிக்கட்டியாகக் குளிர்ந்தது.

உள்ளே சத்தமில்லை.

“பதுரு.”

இல்லை.

“பதுரு, தெறந்துட்டேன். வா தாயி. வெளிய வா. ஆர்டர் முடிஞ்சுபோச்சு.”

இல்லை.

கதவைத் தள்ளினாள். வரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். ஒரு விரற்கடை போனது. பிறகு எதன்மேலோ மெத்தென்று முட்டி நின்றது. பூண்டு மூட்டை இல்லை. மூட்டை இப்படி நெகிழாது. பிளந்த இடுக்கில் கதவின் உள்பக்கம் தெரிந்தது. கறுத்துப்போன பழைய பலகை. கீழ்ப்பாதி மட்டும் புது மரம் போல வெள்ளை. சிராய் சிராயாக. பிறாண்டிப் பிறாண்டி.

குரல் வரட்டும் என்று காத்திருந்தாள். எந்தக் குரலாவது.

மேலே வளைவில் செருப்புச் சத்தம். சரிவில் இறங்கும் சத்தம். “ஜாஹிதாக் கண்ணு!” என்று ஓர் ஆண்குரல், இப்போதே கூப்பிட்டுக்கொண்டு, மூச்சிரைக்க, சந்தோஷமாக.

ஓடு.

காலெடுத்தாள். சேலை இழுத்தது. ஆணியில் மாட்டியிருக்கும். இழுத்தாள். வரவில்லை. குனிந்தாள்.

கதவுக்கடியில் இருந்த சந்தில், சேலை நுனி உள்ளே போயிருந்தது. அதன் ஓரமாக நாலு விரல்கள் வெளியே நீண்டு கிடந்தன. கறுத்து, வற்றி, செத்து எத்தனையோ பொழுதானவை. நகங்கள் இல்லை. நகம் இருந்த இடத்தில் மரச்சிராய்.

அவை எதையும் பிடிக்கவில்லை. சும்மா கிடந்தன.

பிடித்திருந்தவை பக்கத்தில் இருந்தன. சின்னவை. அம்மைப் பொருக்கு அடர்ந்தவை. பால் கொண்டுவருகிறவளின் முந்தானையைப் பற்றுகிற மாதிரி, பலமாக.

“பதுரு! ஏ பதுரு! கதவைத் தெற!” என்று பாதையின் கடைசித் திருப்பத்தில் இப்ராம்சா கூப்பிட்டார்.

அந்தச் சின்ன விரல்கள் ஒருமுறை மடங்கி, சேலையை இன்னும் ஒரு சுற்று உள்ளே இழுத்துக்கொண்டன.